சிவப்பு மூடி

கார்த்திகை தீபம் முடிந்த பிறகு ஒரு மாதத்துக்கு எங்கள் கண் மருத்துவமனையில் கூட்டம் கம்மியாக இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் மழைதான் காரணம் என்று நினைத்தேன். அடுத்த வருடம்தான் புரிந்தது. திருவண்ணாமலைக்காரர்கள் கண் பரிசோதனையை வருடத்துக்கு ஒருமுறை மொட்டை மாடியில் முடித்துக்கொள்கிறார்கள். மலை உச்சியில் தீபம் ஏற்றி, அரோகரா சத்தம் அடங்குவதற்குள் வீட்டில் யாராவது ஒருவர் பக்கத்தில் நிற்பவரிடம் "தெரியுதா?" என்று கேட்பார். தெரிகிறது என்றால் அந்த வருடத்துக்குக் கண் நன்றாக இருக்கிறது என்று பொருள். தெரியவில்லை என்பவர்கள் மட்டும் எங்களிடம் வருவார்கள், பெரும்பாலும் முற்றிய புரையோடு.

நான் கண் பரிசோதனை டிப்ளமோ படித்தவள். இரண்டாயிரமாம் ஆண்டு தாண்டி ஐந்தாறு வருடங்கள் ஆகியிருக்கும்; கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் டவுனுக்கு வந்து போய்க்கொண்டிருந்த காலம் அது. சின்ன மருத்துவமனை. டாக்டர் ஒருவர், நான், சீட்டுப் போட்டு மருந்து எடுத்துக் கொடுக்க ஓர் அம்மா. எழுத்துப் பலகையைப் படிக்க வைப்பது, பவர் பார்ப்பது, சொட்டு மருந்து போடுவது, கண்ணின் அழுத்தம் பார்ப்பது என்று டாக்டரிடம் போவதற்கு முன்னால் உள்ள எல்லாம் என் வேலை.

அந்த அக்கா பொங்கல் முடிந்த வாரம் வந்தார். முப்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. கணவர் போர்வெல் வண்டியில் வேலை பார்த்து இறந்துபோனவர் என்பது பிறகு தெரிந்தது. அடி அண்ணாமலையில் வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். கூட வந்தது அவருடைய நாத்தனார், கணவரின் தங்கை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் சுண்டல் விற்பவர். பத்துப் பேருக்கு நடுவிலும் கேட்கும் குரல். பேச்செல்லாம் அவர்தான்.

"மேடம், எங்க அண்ணிக்கு ஒரு கண்ணாடி போட்டுக் குடுங்க. ஊசில நூல் கோக்க முடியல. பொங்கலுக்குத் தச்ச ஜாக்கெட்டுல மானமே போச்சு."

"ஏன், என்ன ஆச்சு?"

"பச்ச ஜாக்கெட்டுக்கு சாக்லேட் கலர் நூலப் போட்டு வெச்சிருக்காங்க. அதுவும் கழுத்துல! அந்தம்மா வந்து தெருவே கூடுற மாதிரி கத்திட்டுப் போச்சு. அதுக்குள்ள கெழவி ஆயிட்டீங்களா அண்ணின்னு கேட்டா சிரிக்கிறாங்க."

அக்கா அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "நீ சும்மா இரு. அது கரண்ட் இல்லாதப்ப தச்சது."

"பட்டப்பகல்ல உங்களுக்கு எதுக்குக் கரண்ட்டு?"

என் மனசு எப்போதும் வரிசை போட்டுத்தான் வேலை செய்யும். முப்பது வயதில் நூல் கோக்க முடியவில்லையென்றால் முதலில் பவர். அது இல்லையென்றால் புரை. அதுவும் இல்லையென்றால் சர்க்கரை. இந்த வரிசையோடு அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

எழுத்துப் பலகையில் மேலே உள்ள பெரிய எழுத்துகளைத் தாண்டி அவரால் படிக்க முடியவில்லை. வலது கண்ணிலும் அப்படித்தான், இடது கண்ணிலும் அப்படித்தான். கண்ணாடி வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். எதிலும் முன்னேற்றம் இல்லை. கடைசியில் துளைத் தட்டை எடுத்தேன். கறுப்புத் தட்டில் பொடிப்பொடியாகத் துளைகள் இருக்கும். கோளாறு பவரில் இருந்தால் அதன் வழியாகப் பார்த்த உடனே எழுத்து தெளியும். "அட!" என்று சொல்லிவிட்டு இரண்டு வரி கூடப் படிப்பார்கள். அந்த "அட"வுக்காகவே எனக்கு அந்தத் தட்டைப் பிடிக்கும்.

"எப்படி இருக்குது அக்கா?"

"அப்படியேதான் இருக்குது மேடம். இன்னும் கொஞ்சம் இருட்டாச்சு, அவ்ளோதான்."

வில்லைகளைப் பெட்டியில் திரும்ப அடுக்கினேன். இது கண்ணாடியில் தீரும் விஷயம் இல்லை.

"எவ்ளோ நாளா இப்படி இருக்குது?"

"தீபத்துக்கு முன்னாடியே கொஞ்சம் இருந்துது."

"அப்பவே வந்திருக்கலாமே?"

இருவரும் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்கள். "தீபம் தெரிஞ்சுதே மேடம்," என்றார் அக்கா.

"நான்தான் கேட்டேன்," என்றார் நாத்தனார். "மாடில நின்னுக்கினு, தெரியுதா அண்ணின்னு கேட்டேன். பளிச்சுனு தெரியுதுன்னாங்க. சரி, கண்ணு நல்லாத்தான் இருக்குதுன்னு விட்டுட்டோம்."

ஊர் வழக்கத்தை நானும் அறிவேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் கேட்பார்கள். இருந்தாலும் ஏதோ ஒன்று உறுத்தியது.

"தீபத்த நேரா பார்த்தீங்களா அக்கா?"

"தீபத்த வேற எப்படிப் பாப்பாங்க?" என்று நாத்தனார் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. யோசித்தார்.

"நேரா பார்த்தா அங்க பொகை மாதிரி இருந்துது. கொஞ்சம் தள்ளி, இப்படி மலைக்குப் பக்கத்துல பார்த்தாதான் பளிச்சுனு இருந்துது. மேகம் எறங்கி இருக்குதுன்னு நெனச்சேன்."

அன்றைக்கு வானம் சுத்தமாக இருந்தது. கீழ்பென்னாத்தூரில் எங்கள் மாடியிலிருந்துகூடத் தீபம் புள்ளியாகத் தெரிந்தது எனக்கு நினைவிருக்கிறது.

இருட்டில் எரியும் நெருப்பைப் பார்க்க ஓரப்பார்வையே போதும். எழுத்தைப் படிக்கவும், நூலின் நிறம் பார்க்கவும்தான் நடுப்பார்வை வேண்டும். அவருடைய நடுப்பார்வையில் எதையோ வைத்து மறைத்ததுபோல் இருந்தது. தீபம் அவரை ஏமாற்றவில்லை. அவர் அதன் பக்கத்தில் பார்த்துவிட்டு, பார்த்துவிட்டேன் என்று சொன்னார்.

தட்டில் இருந்த சொட்டு மருந்துப் புட்டிகளில் ஒன்றை எடுத்தேன். கண்பாவையை விரிக்கும் மருந்துக்குச் சிவப்பு மூடி போட்டிருப்பார்கள், எடுக்கும்போது கை தவறாமல் இருக்க. அவரது இடது கண்ணை மறைத்துவிட்டு மூடியை நீட்டினேன்.

"இது என்ன கலரு?"

"செங்கல் கலரு."

கண்ணை மாற்றி மறைத்தேன். "இப்ப?"

"அதேதான். கொஞ்சம் சாணி கலந்தாப்புல."

நாத்தனார் சிரிக்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். "அண்ணி, அது ரத்தச் செவப்பு," என்றார்.

அக்கா மூடியை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தலையைச் சாய்த்து ஓரமாகப் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

இரண்டு கண்ணும் ஒன்றுபோல. வலி கிடையாது. மெல்ல மெல்ல வந்திருக்கிறது. நடுவில்தான் மங்கல். சிவப்பு முதலில் போயிருக்கிறது. இந்த ஐந்தையும் மனதில் அடுக்கியபோது, கோளாறு கண்ணுக்குள் இல்லை, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் இருக்கிறது என்று தோன்றியது. அப்படியானால் அடுத்த கேள்வி ஒன்றுதான்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க அக்கா?"

"ஒண்ணும் இல்லையே. சத்து மாத்திரை." அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். நாத்தனார் தரையைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. இருவரையும் டாக்டர் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினேன்.

டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார்.

"சளிக்கு மாத்திரை போய்க்கினு இருக்குது சார்," என்றார் அக்கா. எங்கள் பக்கத்தில் காசநோயை அப்படித்தான் சொல்வார்கள். "ரெண்டாவது தடவ."

"வேற?"

அக்கா ஒயர் கூடையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டார்.

"அண்ணி," என்றார் நாத்தனார், அவருடைய குரலா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெதுவாக.

அக்கா தலையை ஆட்டினார். ஒயர் கூடையில் கைவிட்டு, ஜாக்கெட் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் ஒட்டியிருந்த பேரைச் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

"வேலூர்ல குடுக்கறாங்க. மாசாமாசம் நானும்தான் கூடப் போறேன்," என்றார் நாத்தனார். "எங்க அண்ணன் விட்டுட்டுப் போன சொத்து."

"ஹெச்.ஐ.வி.க்கா?" என்று டாக்டர் கேட்டார், சர்க்கரைக்கா என்று கேட்கும் அதே குரலில்.

"ஆமாங்க."

நாத்தனார் கூடையைக் கையில் எடுத்துக்கொண்டார். "இப்ப எங்கள வேற எடத்துக்குப் போகச் சொல்லுவீங்களா? பல்லு புடுங்கப் போன எடத்துல அப்படித்தான் சொன்னாங்க. முன்கூட்டியே சொன்னீங்கன்னா பஸ்ஸப் புடிச்சிருவோம்."

"இன்னும் கண்ணே பாக்கல, அதுக்குள்ள எங்க போறீங்க? உக்காருங்க," என்றார் டாக்டர். என் பக்கம் திரும்பி, "சொட்டு மருந்து போடும்மா," என்றார்.

சிவப்பு மூடிப் புட்டியைத் திறந்து சொட்டு மருந்து போட்டேன். எல்லோருக்கும் போடுவதுபோலக் கீழிமையை விரலால் இழுத்து, இரண்டு சொட்டு. அக்கா கண்களை மூடிக்கொண்டார். ஓரத்தில் வழிந்தது மருந்தா என்னவோ, பஞ்சால் துடைத்துவிட்டேன்.

ஹெச்.ஐ.வி. உள்ள ஒருவருக்குப் பார்வை குறைந்தால் யோசிக்க வேண்டியவை பல. எதிர்ப்புச் சக்தி இறங்கியிருந்தால் விழித்திரையில் தொற்று வரலாம். மூளையில் தொற்று வந்து நரம்பு வீங்கலாம். அந்தக் கிருமியே நரம்பைப் பாதிக்கலாம். டாக்டர் வெகுநேரம் பார்த்தார். விழித்திரை சுத்தமாக இருந்தது. நரம்பில் வீக்கம் இல்லை, வெளிறவும் இல்லை. "நரம்பு இன்னும் நல்ல நெறத்துல இருக்குது. அது நல்ல செய்தி," என்றார்.

அவர் சந்தேகப்பட்டது காசநோய் மாத்திரைகளில் ஒன்றை. எத்தாம்புட்டால் என்று பெயர். காசநோய்க் கிருமியை அடக்குவதற்கு அது தேவை. பெரும்பாலானவர்களை அது ஒன்றும் செய்வதில்லை. சிலருக்கு மட்டும் பார்வை நரம்பு அதைத் தாங்குவதில்லை. முதல் தடவை சிகிச்சையில் அதை இரண்டு மாதத்தில் நிறுத்திவிடுவார்கள். இரண்டாவது தடவை என்றால் கடைசி வரைக்கும் உண்டு. அக்காவுக்கு அது மாதக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது.

டாக்டர் அங்கேயே காசநோய்ப் பிரிவு டாக்டருக்கு போன் செய்தார். அவரும் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. இன்றைக்கே அனுப்புங்கள், அதை எடுத்துவிட்டு மற்றதைத் தொடரலாம் என்றார். வேறு காரணம் எதுவும் இல்லை என்று உறுதி செய்ய, பெரிய மருத்துவமனையில் தலை ஸ்கேனுக்கும் ஏற்பாடு ஆயிற்று. அதில் கோளாறு ஒன்றும் இல்லை என்று அடுத்த வாரம் தெரிந்தது.

ஆனால் அன்றைக்கு அறையில் போன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா வேறொரு முடிவுக்கு வந்திருந்தார்.

"எல்லாத்தையும் நிறுத்திடறேன் சார்."

"எல்லாத்தையும்னா?"

"சளி மாத்திரை, வேலூர் மாத்திரை, எல்லாம். எது கண்ணத் திங்குதுன்னு தெரியாம எப்படி முழுங்குறது? கண்ணு போயிட்டா மிஷின் ஓடாது. மிஷின் ஓடலைன்னா நான் இருந்து இன்னா பண்ணப்போறேன்?"

"நிறுத்திட்டு?" நாத்தனார் எழுந்து நின்றுவிட்டார். "நிறுத்திட்டுப் போய்ச் சேந்துருவீங்க. அப்பால நான் தெனம் யாரோட சண்ட போடுறது? செவுத்தோடயா?"

டாக்டர் விளக்க ஆரம்பித்தார். அக்கா கேட்பதுபோல் இருந்தது, காதில் ஏறவில்லை. நான் அவருடைய கூடையைப் பார்த்தேன். சுடிதாருக்குத் தைக்கும் பட்டன்கள் ஒரு சின்னப் பையில் இருந்தன. கேட்டு வாங்கி, ஒரு மாத்திரைக்கு ஒரு பட்டன் என்று மேஜையில் வரிசையாக வைத்தேன். இந்தப் பக்கம் சளி மாத்திரைகள், அந்தப் பக்கம் வேலூர் மாத்திரைகள். ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு அது என்ன வேலை செய்கிறது என்று சொன்னேன். பிறகு ஒரே ஒரு பட்டனை எடுத்து நாத்தனாரிடம் கொடுத்தேன்.

"இது ஒண்ணுதான் இவங்க கண்ணுக்கு ஆகல. மத்ததெல்லாம் இவங்க உசுருக்குக் காவல். அதுல ஒண்ணு குறைஞ்சாலும் ஆபத்து."

நாத்தனார் அந்தப் பட்டனைக் கோபமாகப் பார்த்தார். அடுத்த நொடி குப்பைக் கூடையில் எறிந்தார்.

"ஏய்! அது ஆர்டர் பட்டன்!" என்றார் அக்கா. "செட்டுல ஒண்ணு குறைஞ்சா அந்தப் பொண்ணு காசு குடுக்காது."

நாத்தனார் பஞ்சுகளைக் கிளறி அதைத் தேடி எடுக்க வேண்டியதாயிற்று. டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், சிரிப்பை மறைக்க. அந்த ஒரு நிமிடத்தில் அறையில் ஏதோ இறுக்கம் தளர்ந்தது. அக்கா மேஜையில் மீதி இருந்த பட்டன்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டார். "சரி, இதெல்லாம் சாப்பிடறேன்," என்றார்.

டாக்டர் பொய்யான நம்பிக்கை கொடுப்பவர் இல்லை. "திரும்பி வரும்னு நம்பறேன். முழுசா வருமான்னு இப்பச் சொல்ல முடியாது. மாசக்கணக்குல ஆகும். மொதல்ல இன்னும் கொஞ்சம் கம்மியானாலும் ஆகும், பயந்துடாதீங்க. ரெண்டு மூணு மாசத்துல ஒண்ணும் தெரியலைன்னா இன்னொரு சளி மாத்திரை மேலயும் சந்தேகம் இருக்குது. அதையும் மாத்தணும்னா மறுபடி ஊசி போட வேண்டி வரலாம்."

ஊசி என்றதும் அக்காவின் முகம் போன போக்கை நான் கவனித்தேன். சிகிச்சையின் தொடக்கத்தில் இடுப்பில் போட்ட ஊசிகள் அவை. பிறகு அதைப் பற்றி மறந்துவிட்டேன்.

மாதம் ஒருமுறை வரச் சொல்லியிருந்தோம். முதல் தடவை வந்தபோது டாக்டர் சொன்னபடியே ஒரு வரி குறைந்திருந்தது. "ம், சரி," என்று சொல்லிவிட்டுக் குறித்துக்கொண்டேன். அதற்குள் வீட்டில் நாத்தனார் மிஷினில் உட்கார ஆரம்பித்திருந்தார். அக்கா கையால் தடவிப் பார்த்து வெட்டிக் கொடுப்பார், இவர் தைப்பார். நூல் கண்டுகளை முட்டை அட்டையில் வரிசையாக வைத்து, முதல் குழியில் சிவப்பு, அடுத்ததில் மெரூன், அதற்கடுத்து பச்சை என்று இடம் ஒதுக்கியிருந்தார்கள். யாரும் இடம் மாற்றக் கூடாது என்று வீட்டில் சட்டம். அதைக் கேட்டு எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் எல்லாம் அதனதன் குழியில் இருக்க வேண்டும்.

"தையல் எப்படிப் போகுது?" என்று கேட்டேன்.

"அத ஏன் கேக்குறீங்க மேடம்," என்றார் அக்கா. "நான் கண்ணு தெரியாம தச்சதே இவ தைக்கிறதவிட நேரா இருந்துது. இவ தையலு கிரிவலப் பாதை மாதிரி. சுத்திச் சுத்தி வருது."

"சுண்டல்காரிகிட்ட தையல் குடுத்தா அப்படித்தான் வரும்," என்றார் நாத்தனார்.

இரண்டாவது தடவை அக்கா சீக்கிரமே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாத்தனார் பின்னால் வருகிறாராம். அன்று கூட்டம் அதிகம். ஒவ்வொருவராகப் படிக்க வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். மேல் வரியில் தொடங்கியவர் நிற்கவே இல்லை. போன மாதம் தடுமாறிய வரியைத் தாண்டி, அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று படித்துக்கொண்டே போனார். என் கையில் இருந்த பேனா ஒரு கணம் நின்றது. நாத்தனார் அப்போதுதான் உள்ளே நுழைந்தார். "அண்ணி!" என்று கத்தினார்.

எனக்கும் கத்த வேண்டும்போலத்தான் இருந்தது. ஆனால் வரிசைப்படி அடுத்து நிறம். சிவப்பு மூடி என்று அவருக்கு இப்போது தெரியும். கேட்டால் சிவப்பு என்றுதான் சொல்வார். அதனால் தட்டிலிருந்து இன்னொரு புட்டியை எடுத்தேன். கண் அழுத்தத்துக்கான மருந்து. அதன் மூடி பச்சை.

"இது எப்படித் தெரியுது அக்கா?"

"நல்லா செவப்பா இருக்குது மேடம். முன்ன மாதிரி இல்ல, நல்ல செவப்பு."

நாத்தனார் என்னைப் பார்த்தார். நான் மூடியைக் கீழே வைத்தேன். எழுத்துப் பலகையைத் திருப்பினேன். அதன் பின்பக்கம் எண்கள் இருக்கும். படிக்கத் தெரியாதவர்களுக்கும் வேற்று மொழிக்காரர்களுக்கும், ஆசிரமத்துப் பக்கத்திலிருந்து வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கும்.

"இத படிங்க அக்கா."

மேல் வரியைத் தாண்டி அவரால் போக முடியவில்லை.

முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகச் சத்தம் போட்டுப் படித்ததைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தார். அதற்காகத்தான் சீக்கிரம் வந்தது.

"பிட் அடிச்சீங்களா?" என்றார் நாத்தனார். சிரிப்பதா அழுவதா என்று அவருக்கே தெரியவில்லை. "பத்தாவதுல அடிச்சிருந்தா பாஸாவது ஆகியிருப்பீங்க."

"ஏன் அக்கா?" என்று கேட்டேன்.

"ஊசி மேடம்." அவர் தன் மடியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அந்த ஊசி போட்டா உக்கார முடியாது. மிஷின் மிதிக்க முடியாது. கண்ணு வரலைன்னா ஊசின்னு டாக்டர் சொன்னாரு. வந்துடுச்சுன்னு சொன்னா விட்டுடுவீங்கன்னு பார்த்தேன்." பிறகு, "அதுவும் இல்லாம, நீங்க 'ம், சரி'ன்னு சொல்ற குரலு எனக்குத் தெரியாதா? உங்களுக்காவது சந்தோஷமா இருக்கட்டும்னுதான்," என்றார்.

நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தேன். கண் வந்திருக்கிறதா இல்லையா என்று சரியாகத் தெரிந்தால்தான் ஊசி வேண்டுமா வேண்டாமா என்று டாக்டர் முடிவு செய்ய முடியும். தப்பாகச் சொன்னால், தேவையானதைச் செய்யாமல் விட்டு, மிச்சம் இருப்பதும் போய்விடும். இதைத்தான் சொன்னேன். கூடவே, இனிமேல் நான் "ம், சரி" என்று சொல்ல மாட்டேன், என்ன இருக்கிறதோ அதை அப்படியே சொல்கிறேன் என்றேன்.

"சரி," என்றார் அக்கா. உடனே, "ஐயோ, இப்ப நான் சொல்றேன்," என்று சிரித்தார்.

டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மறுபடி நரம்பைப் பார்த்தார். அது போன மாதம் இருந்தபடியே இருந்தது. "இன்னும் ஒரு மாசம் எதையும் தொட வேணாம். பார்த்துட்டு முடிவு பண்ணலாம்," என்றார்.

அந்த ஒரு மாதம் எனக்கும் மெதுவாகத்தான் போனது. பஸ்ஸில் வரும்போது மலை கண்ணில் படும் இடத்தில் எல்லாம் அக்காவின் ஞாபகம் வந்தது. நேராகப் பார்த்தால் புகை என்று அவர் சொன்னதைக் கண்ணை அரைகுறையாக மூடிப் பார்த்துக் கற்பனை செய்வேன். வராது. நன்றாகத் தெரியும் கண்ணுக்கு அது வராது.

அடுத்த தடவை வந்தபோது நல்ல வெயில். பெஞ்சில் உட்கார வைக்கவில்லை, நேராக உள்ளே கூட்டிப் போனேன். எண் பலகையை வைத்தேன். வலது கண். மேல் வரி. அடுத்த வரியில் நின்றார். அவர் தலையை ஓரமாகச் சாய்க்கப் போனார், பிறகு தானாகவே நிமிர்த்திக்கொண்டார்.

"மூணு... அஞ்சு... அது எட்டா, மூணா? எட்டு."

எட்டுதான். போன தடவை அந்த வரியே அவருக்குக் கிடையாது. அந்தப் பலகையை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தேன். அதிலும் அதே அளவு வரி. இடது கண்ணில் ஒரே ஓர் எண் மட்டும் கூடியது. மூன்று புட்டிகளைத் தட்டில் கலந்து வைத்து, சிவப்பு எது என்று கேட்டேன். விரல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு சரியான மூடியின் மேல் இறங்கியது.

"இதுதான். செங்கல்லுல தண்ணி ஊத்துனா ஒரு செவப்பு வருமே, அப்படி இருக்குது."

நாத்தனார் மூச்சு விடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், இது நெசமா, மனப்பாடமா?"

"நிஜம்," என்றேன். "ஒரு வரி. ஒரே ஒரு வரிதான். ஆனா நிஜம்."

அவர் அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அக்கா எழுந்துபோய் அவர் தோளைத் தொட்டு, "ஏய், அழாத, தெருக்கொழா தொறந்துவிட்ட மாதிரி," என்றார். டாக்டர் எட்டிப் பார்த்து, ஊசி தேவைப்படாது என்று சொன்னார். அக்கா கேட்ட முதல் கேள்வி, "மிஷின்ல உக்காரலாமா சார்?" என்பதுதான்.

அதற்குப் பிறகு வேகம் ஒன்றும் பிடிக்கவில்லை. ஒரு மாதம் ஒரு வரி வரும், இன்னொரு மாதம் ஒன்றும் வராது. சில சமயம் ஒரு கண் முந்தும். வரும் என்று நான் எதிர்பார்த்த மாதம் ஏமாற்றும். வெயில் குறைந்தபோது காசநோய் சிகிச்சை முடிந்தது. வேலூர் மாத்திரை தொடர்ந்தது. எடை ஏறியது. அங்கே எடுத்த ரத்தப் பரிசோதனையிலும் எதிர்ப்புச் சக்தி கூடியிருந்தது. அக்கா பகல் வெளிச்சத்தில் மட்டும் தைக்க ஆரம்பித்தார். நூல் கோப்பதை மட்டும் நாத்தனார் விட்டுக்கொடுக்கவில்லை. முட்டை அட்டையும் அப்படியே இருந்தது. பழக்கமாகிவிட்டதாம்.

முழுசாக வரவில்லை. இடது கண் கடைசி இரண்டு வரிகளை இன்றுவரைக்கும் படிப்பதில்லை. அதையும் அவரிடம் அப்படியே சொன்னேன். "வர்ற வரைக்கும் லாபம் மேடம்," என்றார்.

அடுத்த கார்த்திகையில் தீபம் ஏற்றிய மறுநாள், வழக்கம்போல் ஆளில்லாத மருத்துவமனையில் வில்லைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். இருவரும் வந்து நின்றார்கள். அக்கா வர வேண்டிய நாள் அது இல்லை. கையில் இருந்த வில்லையைக் கீழே வைத்தேன்.

"தீபம் தெரிஞ்சுதா அக்கா?"

"தெரிஞ்சுது. நேராவே பார்த்தேன்," என்றார். "ஆனா அது கணக்குல வராதுன்னு நீங்க சொல்லியிருக்கீங்க இல்ல, அதனால ஜாஸ்தி சந்தோஷப்படல."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

அவர் நாத்தனாரை முன்னால் தள்ளினார். "இவளுக்குத்தான். தெரியுதான்னு கேட்டேன். தெரியுது அண்ணி, ரெண்டு தீபம் தெரியுதுங்கிறா."

"நெசமாத்தான் மேடம்," என்றார் நாத்தனார். "ஒண்ணு மேல ஒண்ணு. அண்ணாமலையாருக்கு இந்த வருசம் டபுளோன்னு நெனச்சேன். எங்க அண்ணி விடல. மொதல்ல மேடம்கிட்ட காட்டு, அப்பால கும்புடுன்னு இழுத்துக்கினு வந்துட்டாங்க."

அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். சிவப்பு மூடியைக் காட்டினேன். ரத்தச் சிவப்பு என்றார். துளைத் தட்டைக் கண்ணுக்கு முன் வைத்தேன்.

"அட!" என்றார். கடகடவென்று கீழ் வரி வரைக்கும் படித்தார்.

"உங்களுக்குக் கண்ணாடி மட்டும்தான் வேணும்," என்றேன். சிலிண்டர் பவர்தான் ஒரு தீபத்தை இரண்டாகக் காட்டியது. வேறொன்றும் இல்லை.

அக்காவுக்கு வந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. "அதுக்குள்ள கெழவி ஆயிட்டியா?" என்றார். ஒரு வருடமாகக் காத்திருந்தவர்போல.

கண்ணாடிக்கு ஃபிரேம் எடுக்க அலமாரியைத் திறந்து விட்டேன். நாத்தனார் ஒவ்வொன்றாகப் போட்டுப்போட்டுக் கண்ணாடியில் முகம் பார்த்தார். ரத்தச் சிவப்பில் ஒன்றைப் போட்டுக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு, நேராக அவர் முகத்தையே பார்த்தார்.

"அது வேணாம். ரொம்பச் செவப்பா இருக்குது."

நாத்தனார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவர் அந்த ஃபிரேமைக் கழற்றவே இல்லை.

"இதையே போட்டுக் குடுங்க மேடம்," என்றார்.